குவிமாடத்துக்குக் கீழே சாரம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இஸ்தான்புல்லில் ஒரு வாரம் இருந்துவிட்டு நானும் என் மனைவியும் நலமாக ஊர் திரும்பினோம். வீட்டுக் கதவைத் திறந்தபோது உங்கள் கடிதம் காத்திருந்தது. தங்கையின் முழங்கால் அறுவைக்கு நாள் குறித்துவிட்டதாகவும், இனி வெளியூர்ப் பயணம் என்ற பேச்சே வேண்டாம் என்று அவர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். என் மனைவிக்கு அதே அறுவை நடந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஆகவே இந்தக் கடிதத்தைத் தங்கைக்கும் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஊர்க் கோயில் திருப்பணியில் பழைய மண்டபத்தின் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசலாமா என்று கமிட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதையும் எழுதியிருந்தீர்கள். நாங்கள் பார்த்து வந்தவற்றை அந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் இப்போது மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் எங்களுக்கு நல்ல நாளாக அமையவில்லை. பயண ஏற்பாட்டாளர் ஒருவர் இரண்டே நாளில் பதினொரு இடங்கள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார். நீல மசூதி, தோப்காபி அரண்மனை, கலாத்தா கோபுரம், பெரிய அங்காடி என்று ஓட்டமும் நடையுமாக மாலைக்குள் நான்கை முடித்தோம். ஆறு மினார்களோடு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்த நீல மசூதியில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், முன்னால் போனவருடைய முதுகைப் பார்த்தேன் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருக்கும். அறைக்கு வந்து அவள் காலுறையைக் கழற்றியபோது முழங்கால் வீங்கித் தோல் பளபளத்தது. ஐஸ் கட்டியை ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "எனக்கு அந்தப் பெரிய குவிமாடத்தை மட்டும் நிதானமாகக் காட்டிவிடுங்கள், போதும்" என்றாள். அவளை அப்படி இழுத்துக்கொண்டு ஓடியது என் தவறு. அந்தப் பட்டியலை அன்றிரவே ஒதுக்கி வைத்தோம். அடுத்த நாள் முழுக்க ஓய்வு. அதன் பிறகு நாளுக்கு ஓரிடம்தான்.

குவிமாடம் என்று அவள் சொன்னது ஹாகியா சோஃபியா. 532இல் நகரில் மூண்ட கலவரத்தில் பழைய தேவாலயம் எரிந்துபோக, கீழை ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் அதே இடத்தில் புதியதைத் தொடங்கி 537ஆம் ஆண்டு டிசம்பருக்குள் முடித்துவிட்டார். ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. ஏறத்தாழ நூறு அடி அகலமுள்ள வட்டக் கூரையை ஒரு சதுரத்தின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். நான்கு மூலைகளிலிருந்தும் முக்கோணமாக வளைந்து மேலெழும் பரப்புகள் அந்த வட்டத்தின் பாரத்தை வாங்கி நான்கு பெருந்தூண்களுக்கு இறக்குகின்றன. குவிமாடத்தின் அடியில் சுற்றிலும் நாற்பது சன்னல்கள் இருப்பதால், கூரைக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் புகுந்து, கூரை எதன்மேலும் படாமல் நிற்பதாகவே கண்ணுக்குத் தோன்றுகிறது. இவ்வளவும் நாம் படிக்கும் காலத்தில் வரைபடமாகப் பார்த்ததுதான். நேரில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

ஓட்டோமான் துருக்கியர் நகரைப் பிடித்த 1453க்குப் பின் மசூதியாகவும், 1935 முதல் அருங்காட்சியகமாகவும் இருந்த கட்டடம் 2020இல் மீண்டும் மசூதியாகியிருக்கிறது. கீழ்த்தளம் தொழுகைக்கு உரியது; நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பயணிகள் 25 யூரோ கட்டணம் கட்டி மேல்மாடத்துக்கு மட்டும் போகலாம். அங்கே ஏறும் வழி படியாக இல்லாமல், கல் பாவிய சரிவாக இருக்கிறது. முழங்காலை மடக்க வேண்டியதில்லை என்றாலும் கல் மேடும் பள்ளமுமாக இருந்ததால், கைத்தடியை ஊன்றி, சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவள் மெல்ல ஏறினாள். காரை உதிர்ந்து செங்கல் தெரிந்த ஓரிடத்தில் மூச்சு வாங்க நின்றபோது அவளே என்னைக் கூப்பிட்டாள். "இங்கே பாருங்கள், செங்கல்லைவிடக் கலவை அல்லவா தடிமனாக இருக்கிறது?" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். சாம்பல் வெண்மையான சுண்ணாம்புக்குள் சிவப்புப் பொட்டுகளாக உடைத்த செங்கல் துகள்கள் கிடந்தன. நண்பரே, அது நம்முடைய சுர்க்கி. நீங்களும் நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய கொத்தனார்கள் சுண்ணாம்போடு செங்கல் தூளைச் சேர்த்து அரைத்துக் கலந்த அதே சுர்க்கிதான். இடையில் எத்தனை கடல், எத்தனை நூற்றாண்டு! நான் அந்த இடத்தை விட்டு நகர மறுத்ததால் பின்னால் வந்த கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதன் பெருமையை மட்டும் இல்லை. அது விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் கலவை இறுகுவதற்கு நாள் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆறு ஆண்டுக்குள் முடித்த அந்த அவசரத்தில் கலவை முழுதாக இறுகும் முன்பே பாரம் ஏறியதால் தூண்கள் வெளிப்புறமாகச் சாய்ந்தன. மேல்மாடத்தில் நின்று பார்த்தால் செங்குத்தைச் சோதிக்கும் தூக்குக்குண்டு இல்லாமலே அந்தச் சாய்வு தெரிகிறது. முதலில் போட்ட குவிமாடம் தட்டையானது, ஆகவே தூண்களைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும் உதைப்பு அதிகம். நிலநடுக்கங்களைத் தாங்க முடியாமல் 558இல் இடிந்து விழுந்தது. மறுபடி கட்டியவர் கூரையை இருபது அடி போல உயர்த்தி உதைப்பைக் குறைத்தார். 989இல் மேற்குப் பக்கம் விழ, ஆர்மீனியாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் திர்தாத் அதைச் சீர் செய்தார். 1346இல் கிழக்குப் பக்கம் விழுந்தது. ஆக, இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் ஒரே கூரை உண்மையில் மூன்று காலத்துக் கைகள் சேர்த்துத் தைத்த ஒட்டு. வட்டம்கூடச் சரியான வட்டமாக இல்லை. பிறகு 16ஆம் நூற்றாண்டில் ஓட்டோமான் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் வெளியே முட்டுச் சுவர்களைச் சேர்த்தும் வலுப்படுத்தியும் கொடுத்தார். 1847 முதல் 1849 வரை சுவிட்சர்லாந்தில் பிறந்த ஃபோசாத்தி சகோதரர்கள் சுல்தானின் ஆணையின்பேரில் குவிமாடத்துக்கு இரும்புக் கட்டுப் போட்டு, சாய்ந்த தூண்கள் சிலவற்றை நிமிர்த்தினார்கள். ஒரு சமயத்தார் கட்டியதை இன்னொரு சமயத்தார் இடித்துத் தள்ளாமல் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் நெகிழ்கிறது.

நாங்கள் போனபோதும் உள்ளே நடு மண்டபத்திலிருந்து மேலே வரை இரும்புச் சாரம் நின்றது. நிலநடுக்கத்துக்கு எதிராகக் குவிமாடத்தை வலுப்படுத்த 2025இல் தொடங்கிய பணி அது. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தார் படம் கெட்டுவிட்டதே என்று வருத்தப்பட்டார்கள். எனக்கோ, வாழ்நாள் முழுவதும் மராமத்துப் பிரிவில் இருந்தவனுக்கு, அந்தச் சாரத்தோடு பார்க்கக் கொடுத்து வைத்ததே பெரும் பேறாகத் தோன்றியது.

என் மனைவி இதற்குள் மாடத்துப் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். வடதேசத்திலிருந்து வந்த வைக்கிங் வீரன் ஒருவன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே நின்றுகொண்டு தன் மொழி எழுத்தில் கீறிய கோடுகள். ஹால்ஃப்டான் என்ற பெயர் மட்டும் படிக்க முடிகிறதாம். கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று வெகுநேரம் பார்த்தாள். "நின்று நின்று கால் கடுத்திருக்கும் அவனுக்கும்" என்றாள்.

அதற்கு மறுநாள் பழைய குதிரைப் பந்தயத் திடலில் எகிப்தியக் கல்தூணைப் பார்த்தோம். மூன்றாம் துத்மோஸ் என்ற பாரோ மன்னன் கர்னாக்கில் நிறுத்தியது. பேரரசர் தியோடோசியஸ் 390இல் இங்கே நட்டார். அந்த ஒற்றைக்கல்லின் அடி முழுவதும் பீடத்தில் படியவில்லை, நான்கு மூலையிலும் நான்கு வெண்கலக் கட்டைகளின் மேல் நிற்கிறது. குனிந்து பார்த்தால் கல்லுக்கும் பீடத்துக்கும் நடுவே மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். தூணைக் கயிறு கட்டிச் சுழல்பொறியால் தூக்கி நிறுத்திய காட்சியையே பீடத்தில் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். நிறுத்த முப்பது நாள் ஆனதாக லத்தீன் கல்வெட்டு சொல்கிறது, முப்பத்திரண்டு என்கிறது கிரேக்கக் கல்வெட்டு. அளவுப் புத்தகத்தில் ஒரு கணக்கு, பட்டியலில் ஒரு கணக்கு என்று நாம் தலையைப் பிய்த்துக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன.

நிலத்தடி நீர்த்தொட்டிக்கு இறங்க 52 படிகள். இறங்கலாமா என்று தயங்கினோம். அறுவை செய்த மருத்துவர் சொல்லிக் கொடுத்தபடி, இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வைத்து, கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து நின்று இறங்கினாள். (ஏறும்போது நல்ல கால் முதலில், தங்கைக்குச் சொல்லுங்கள்.) கீழே 336 தூண்கள், ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் உயரம், வரிசைக்கு 28 வீதம் 12 வரிசை. காலடியில் ஆழமில்லாத தண்ணீர். இதுவும் ஜஸ்டினியன் காலத்து வேலைதான். தூண்களில் பெரும்பாலானவை பழைய கட்டடங்களிலிருந்து கொண்டுவந்தவை என்பதால் தலைப்பகுதி ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. உயரம் போதாத இரண்டு தூண்களுக்கு கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தலோடு வரும் மெடூசாவின் கல்தலையை அடியில் கொடுத்திருக்கிறார்கள், ஒன்று பக்கவாட்டில், மற்றது தலைகீழாக. நகரம் கைமாறிய பின் இப்படியொரு தொட்டி இருப்பதே பொதுவில் மறந்துபோய்விட்டது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த பிரெஞ்சு அறிஞர் ஒருவர், அந்த வட்டாரத்து மக்கள் வீட்டுத் தரையில் இருந்த துளை வழியே வாளியை இறக்கித் தண்ணீர் இறைப்பதையும் மீன் பிடிப்பதையும் பார்த்துத்தான் விஷயத்தைக் கண்டுகொண்டார். 2022இல் திறந்த சீரமைப்பில், துருப்பிடித்த பழைய இரும்புகளை எடுத்துவிட்டு, தூணுக்குத் தூண் மெல்லிய எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சொன்னால்தான் கண்ணில் படும். அவ்வளவு அடக்கமான வேலை.

கடைசியாகப் போன சுலைமானியா மசூதி அவளுக்கு மிகவும் பிடித்தது. 1550இல் தொடங்கி 1557இல் சினான் முடித்தது. அந்தக் காலத்தில் உள்ளே எரிந்த எண்ணெய் விளக்குகளின் கரி சுவரில் படியாமல் இருக்க, காற்றோட்டம் அதை வாசலுக்கு மேலே உள்ள ஓர் அறைக்கு இழுத்துப் போகுமாறு கட்டடத்தையே அமைத்திருக்கிறார். அங்கே சேர்ந்த கரியை வழித்தெடுத்து எழுதுகிற மை செய்தார்கள். இதை நான் படித்துச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "விளக்குக்கு மேல் தட்டைக் கவிழ்த்து எங்கள் அம்மா கண்மை கூட்டுவாளே, அதேதான்" என்றாள். கம்பளத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, அம்மா மையை விளக்கெண்ணெயில் குழைத்ததையும் முதல் பொட்டைத் தன் கன்னத்தில் வைத்ததையும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது ஆண்டு இல்லறத்தில் நான் கேட்டிராத கதை அது. சினானின் கல்லறை அந்த வளாகத்து மதிலுக்கு வெளியே ஒரு மூலையில், தெருவோரமாக, சிறியதாக இருக்கிறது. வணங்கிவிட்டு வந்தேன்.

அன்று மாலை ஐரோப்பியக் கரையிலிருந்து ஆசியக் கரைக்குப் படகில் போய்த் திரும்பினோம். சிறு கண்ணாடிக் குவளையில் தேநீர், கடற்பறவைகள், பின்னால் குவிமாடங்களின் வரிசை. நடக்க வேண்டாத சுற்றுலா என்று தங்கை கேட்டால் இதைச் சொல்லலாம்.

இனி உங்கள் மண்டபத்துக்கு வருகிறேன். பழைய சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுவது. ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன் மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பிடித்துக்கொண்ட பழைய காரையையும் இழுத்துக்கொண்டு விழும். கமிட்டியில் சிமென்ட் கேட்பவர்கள் சொல்லும் காரணம் நேரமும் செலவும் என்றால், உதிர்ந்த இடங்களை மட்டும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு ஒட்டுப் போட எவ்வளவு ஆகும் என்று நானே மதிப்பீடு தயாரித்துத் தருகிறேன். அதுவரை தயவுசெய்து யாரையும் உளியை வைக்க விடாதீர்கள். தானாக உதிர்ந்து கிடக்கும் காரையில் ஒரு கைப்பிடி மட்டும் எடுத்துத் தாளில் பொதிந்து வையுங்கள், தங்கையின் அறுவைக்கு முந்தைய வாரம் நாங்கள் இருவரும் வரும்போது உரசிப் பார்க்கிறேன்.

இஸ்தான்புல்லில் அவள் ஊன்றி நடந்த கைத்தடியின் அடியில் தேய்ந்திருந்த ரப்பர் மூடியை நேற்று மாற்றித் துடைத்து வைத்திருக்கிறாள். தங்கைக்கு உயரம் சரியாக இருக்கும் என்கிறாள். அதையும் கொண்டு வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்