அடித்துக் காட்டும் பழைய விலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்பதில் சந்தோஷம். வாஷிங் மெஷினுக்கு 70 சதவீதம் தள்ளுபடி என்று நீ அனுப்பிய லிங்கையும் பார்த்தேன். இன்றிரவோடு முடிகிறது என்று போட்டிருப்பதைப் பார்த்து அவசரப்பட்டு வாங்கிவிடாதே.

கோடு போட்டு அடித்திருக்கிறார்களே ஒரு விலை, அந்த விலைக்கு அந்த மெஷின் என்றைக்காவது விற்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆஃபருக்குச் சில வாரம் முன்பு விலையை ஏற்றிவைத்துப் பிறகு இறக்கிக் காட்டுவது பழைய வித்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் இதற்குக் கடிவாளம் போட்டார்கள். விலைக் குறைப்பு என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். அப்படி விதி இல்லாத இடத்தில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அமேசானில் விற்கும் பொருளானால் கீப்பா என்ற தளம் விலை ஏறி இறங்கியதைக் கோட்டுப்படமாகக் காட்டும். கடைசி மூன்று மாதத்தைப் பார். கோடு நேராக ஓடி, ஆஃபருக்குச் சற்று முன் மட்டும் எழும்பி, மறுபடி பழைய மட்டத்துக்கே வந்திருந்தால் உனக்கு ஒரு காசும் மிச்சமில்லை.

கணக்கிலும் கவனம் வேண்டும். '50 சதவீதத்தோடு கூடுதலாக 20' என்றால் 70 ஆகாது. 100 முதலில் 50 ஆகும், அந்த 50இல் 20 சதவீதம் போக 40. மொத்தத் தள்ளுபடி 60தான். கார்டு சலுகை 10 சதவீதம் என்பார்கள். உச்சவரம்பு 500 என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். 20,000க்கு வாங்கினால் கிடைப்பது இரண்டரை சதவீதம். ஓடுகிற கவுண்டவுனை நம்பாதே. அதே பக்கத்தை பிரைவேட் விண்டோவில் திற. நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடினால் அது வெறும் மிரட்டல்.

அடுத்து, அந்த லிங்க். கேள்விக்குறிக்குப் பின்னால் 'டேக்' என்று தொடங்கி ஒரு பெயரும் எண்ணும் இருக்கிறதே, அது உனக்கு லிங்க் கொடுத்தவரின் அஃபிலியேட் அடையாளம், அதாவது அந்த லிங்க் வழியாக விற்றால் அவருக்குக் கமிஷன் போவதற்கான அடையாளம். தட்டியதும் உன் பிரவுசரில் குக்கி என்ற சின்னக் குறிப்பு ஒன்று பதிவாகும்; யார் லிங்க் வழியாக வந்தாய் என்று கடைக்கு அது காட்டும். அமேசானில் அதற்கு 24 மணி நேர ஆயுள். அதற்குள் நீ வேறு எதையாவது வாங்கினாலும் பெரும்பாலும் கமிஷன் அவருக்குப் போகும். அதனால் உனக்கு விலை ஏறாது. உழைத்துச் சோதித்து எழுதுகிறவருக்கு அது நியாயமான கூலி என்றே நினைக்கிறேன். கமிஷன் வாங்குவதைச் சொல்லாமல் மறைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கூப்பன் தளங்கள் இன்னும் மோசம். 'கூப்பன் குறியீட்டைக் காட்டு' என்ற பட்டனை அழுத்துகிறாய். கடையின் பக்கம் புது டேபில் திறக்கிறது, குக்கியும் அப்போதே விழுந்துவிடுகிறது. குறியீடு காலாவதியானதாக இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பெரும்பாலான கமிஷன் திட்டங்களில் கடைசியாகத் தட்டிய லிங்குக்கே கமிஷன் என்பதால், உனக்கு உண்மையாக வழிகாட்டியவருக்கு வர வேண்டியதையும் இவர்கள் தட்டிக்கொண்டு போகிறார்கள். பணம் கட்டும் நேரத்தில் 'கூப்பன் தேடட்டுமா' என்று எட்டிப்பார்க்கும், பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சில எக்ஸ்டென்ஷன்கள் செய்வதும் இதைத்தான். கேஷ்பேக்கை நம்பி வாங்குவதானால், வெளியிலிருந்து வேறு கூப்பன் குறியீடு போட்டால் அது ரத்தாகிவிடக்கூடும் என்பதை நினைவில் வை.

'சிறந்த பத்து மெஷின்கள்' வகைப் பட்டியல்களில் ஒன்றைப் பார். எந்த மெஷினுக்கும் குறையே சொல்லவில்லை, படங்கள் எல்லாம் கடையிலிருந்தே எடுத்தவை என்றால், எழுதியவர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கமிஷன் தராத நல்ல மெஷின் அந்தப் பட்டியலில் வராமலே போகும்.

உன் மகன் விமர்சன வீடியோ போடத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல விஷயம். கமிஷன் வாங்கினால் அதை லிங்குக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்; வீடியோவில் வாயாலும் சொல்லட்டும். விவரக் குறிப்பின் அடியில் ஒளித்துவைத்தால் யார் கண்ணிலும் படாது.

இப்போது நீ செய்ய வேண்டியது: கடையின் முகவரியை நீயே டைப் செய்து உள்ளே போ. மாடல் எண்ணை முழுதாகப் போட்டுத் தேடு. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மெஷினாக இருக்கலாம். டெலிவரி, பொருத்தும் கட்டணம் சேர்த்து மொத்தத் தொகையை இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிட்டுப் பார். மாடல் எண்ணை எனக்கும் எழுது, விலை எப்படி ஓடியிருக்கிறது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு