பெட்டியைத் திறக்கும்போதே சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுடன் பலகை விளையாட்டு ஆடச் சொல்லித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வரவேற்கிறேன். கூட்டணி சேர்ந்து ஆடும் ஆட்டங்களைப் பற்றி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

போன மாதம் வீட்டில் ஏழு பேர் 'டிப்ளமசி' ஆட உட்கார்ந்தோம். 1959-இல் விற்பனைக்கு வந்த ஆட்டம். பகடை கிடையாது. ஐரோப்பா வரைபடத்தில் ஆளுக்கொரு நாடு; பிடிக்க வேண்டிய மையங்கள் 34; அதில் 18 பிடித்தவர் வென்றார். தனித்தனியாகப் பேசி முடித்ததும் அவரவர் கட்டளையைச் சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்.

என் அக்கா மகனுக்கு 13 வயது, அவன் ஆஸ்திரியா. அவன் சித்தப்பா இத்தாலி. ட்ரியெஸ்ட் என்பது ஆஸ்திரியாவின் மையங்களில் ஒன்று. "ட்ரியெஸ்ட் பக்கமே வரமாட்டேன்டா" என்று தோளில் கைபோட்டுச் சொன்னார். நம்பி, அங்கிருந்த கப்பலை அல்பேனியாவுக்கு அனுப்பிவிட்டான். சீட்டைப் பிரித்தால், வெனிஸிலிருந்த சித்தப்பாவின் படை ட்ரியெஸ்டுக்குள் நிற்கிறது. சித்தப்பாவின் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "சொன்னீங்களே சித்தப்பா?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

சித்தப்பா மீது குற்றமில்லை. பேசியது எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது என்பதே அந்த ஆட்டத்தின் விதி. பெரியவர்கள் ஆறு பேருக்கும் அது தெரியும், அவனுக்குத் தெரியாது. படை நகர்வதை அரை மணி நேரம் விளக்கிய நான் இதைச் சொல்லவில்லை.

இது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் விஷயம். 'ட்வைலைட் இம்பீரியம்' ஆட்டத்தில், உடனே கைமாற்றக்கூடிய பேரம் என்றால் பேசியபடி கொடுத்தே ஆகவேண்டும். அப்புறம் செய்கிறேன் என்பதற்குக் கட்டாயமில்லை. 'காஸ்மிக் என்கவுன்டர்' ஆட்டத்தில் துணைக்கு வருபவர் அந்த ஒரு மோதலுக்கு மட்டுமே துணை. எந்த வாக்குறுதி செல்லும், எது செல்லாது என்று தெரிந்து உட்கார்ந்தவரை முதுகில் குத்தினால் அது ஆட்டம். தெரியாதவரைக் குத்தினால் ஏமாற்று.

கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்து உட்காருவதையும் அப்படித்தான் சொல்வேன். மற்ற ஐந்து பேரும் எதற்கு மணிக்கணக்கில் யோசிக்க வேண்டும்?

ஆகவே, பெட்டியைத் திறப்பவர் யாராக இருந்தாலும், காய்களை அடுக்குவதற்கு முன் வாக்குறுதி பற்றிய விதியை உரக்கப் படியுங்கள். இருப்பவர்களில் சின்னவர் தலையாட்டிய பிறகு தொடங்குங்கள்.

வரும் ஞாயிறு மறுபடி ஆடுகிறோம். அந்த விதியை அவனே படிக்கிறேன் என்றிருக்கிறான். இந்த முறை இத்தாலி வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி