முள்ளுமுருங்கைக்கு வந்த வீக்கம்

மாப்ள,

கடிதம் போட்டு நாளாகிவிட்டது என்று நீ ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், நாளாகிவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால்தான் வலி, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. அக்கா மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வராத உனக்கு அத்தை தனியாகத் திட்டு எடுத்து வைத்திருக்கிறாள், வந்து வாங்கிக்கொள்.

அந்தக் கல்யாணத்தில் பட்ட பாட்டைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பந்தக்காலுக்கு முள்ளுமுருங்கைக் கொம்பு வேண்டுமே என்று கிணற்றடி மரத்துக்குப் போனேன். கொழுந்தெல்லாம் சுருண்டு, காம்பு வீங்கி, இலை முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அத்தை ஒரே புலம்பல். சோழவந்தான் வரைக்கும் பைக்கில் அலைந்தேன், வேலியோர மரமெல்லாம் அதே கோலம். கடைசியில் ஒரு கொடிக்காலுக்குப் பின்னால் சுமாராக ஒன்று கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் வாயில் விழாமல் தப்பித்தோம்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு முடிச்சைப் பிளேடால் கீறினேன். உள்ளே அறை அறையாக வெள்ளைப் புழு, மேல்தோலில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். கண்ணாவது, செய்வினையாவது! ஒன்றரை மில்லிமீட்டர் தேறினாலே பெரிசு, அப்படி ஒரு குளவி மாப்ள. கொழுந்துக்குள் முட்டை வைக்கும், புழு வளர வளர இலை வீங்கும். குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்று 2004-இல்தான் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சொந்த ஊர் ஆப்பிரிக்கா. நம் முள்ளுமுருங்கையின் எரித்ரினா வகையறாவில் நூறுக்கு மேல் மரமும் செடியும் உண்டு, அந்தக் குளவிக்கு இந்த வகையறாதான் இரை. 2005-இல் ஹவாய்க்கே போய், அங்குள்ள விலிவிலி மரத்தை மொட்டையடித்துவிட்டது. அவர்கள் சும்மா விடவில்லை. இந்தப் புழுவைத் தின்கிற இன்னொரு குளவியைத் தான்சானியாவிலிருந்து கொண்டுவந்து, சோதித்துப் பார்த்து, 2008-இல் காட்டில் விட்டார்கள். மரம் திரும்பத் துளிர்த்தது.

இங்கே கேட்டால், "வேலி மரம்தானே, வெட்டிப் போடுங்க" என்கிறார் ஓர் அதிகாரி. வேலி மரமாம்! மாசியில் இலையெல்லாம் கொட்டி, கிளை நுனியில் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். தேனுக்கு மைனாவும் கரிச்சானும் காக்காவும் போடும் சண்டையில் பம்புசெட் சத்தமே கேட்காது. இந்த வருஷம் பேருக்குச் சில கொத்துதான். டவுனில் பொடி தூவி முள்ளுமுருங்கை வடை கொடுப்பார்களே, அந்த அம்மாவும் நல்ல இலை வருவதில்லை என்று பாதி நாள் வெறும் உளுந்த வடைதான் போடுகிறாள். உன் வயிறு எரியட்டும் என்றுதான் இதைச் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாண்டிக்குடி எஸ்டேட்டில் காப்பிக்கு நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் இதைத்தானே வைத்திருக்கிறீர்கள்? கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நடை போய்க் கொழுந்தைப் பார். வீக்கமே இல்லாத மரம் இருந்தால் நாலு போத்து வெட்டி வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். ஒரு முடிச்சு தெரிந்தாலும் வேண்டாம், அது போத்தோடு சேர்ந்தும் ஊர்விட்டு ஊர் போகும். வரும்போது அத்தை கொடுத்துவிட்ட அதிரசமும் உண்டு, பாதிதான் மிச்சம்.

உன்,
மொட்டை