மேட்டுப்பாளையத்து மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி

கோத்தகிரிக்கு மலையேறும் முன் மேட்டுப்பாளையத்தில் என் காரின் ஸ்டீயரிங்கைச் சரிசெய்து கொடுத்த, தம் பெயரை வெளியிட விரும்பாத மெக்கானிக் அண்ணனுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேடுபள்ளங்களில் முன்பக்கம் கடகடவென்று கேட்ட ஒலிக்கு, ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ஸ்டீயரிங் ரேக்கையே முழுதாக மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். அண்ணனோ எதையும் கழற்றாமல், எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது அசைக்கும்படி தம் உதவியாளரிடம் சொல்லிவிட்டு, என்னையும் காருக்கடியிலிருந்த குழிக்குள் அழைத்து டார்ச் அடித்துக் காட்டினார். சக்கரப் பக்கத்து மூட்டுகளான டை ராடு எண்டுகளும் பால் ஜாயிண்டுகளும் உறுதியாக இருக்க, ரேக்கின் உறை மட்டும் ஒவ்வோர் அசைவுக்கும் பக்கவாட்டில் நகர்ந்தது; அதைக் காரின் அடிச்சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் ரப்பர் வளையங்களான புஷ்கள் வெடித்துத் தளர்ந்திருந்தன.

புதிய புஷ்களுக்குச் சோப்பு நீர் தடவியே உள்ளே செலுத்தினார். சாதாரண கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும் என்று அவர் விளக்கியது எனக்குப் புதிய செய்தி. போல்ட்டுகளையும் கைக்கணக்கில் விடாமல் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு கொண்டு முறுக்கினார்; இத்தகைய பொறுமை அரிது என்றே கருதுகிறேன். வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் மலையேற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

புஷ்களின் விலைக்கும் நியாயமான கூலிக்கும் மேல் அவர் எதுவும் வாங்கவில்லை. அண்ணா, கொண்டை ஊசி வளைவுகளில் என் பெற்றோரை அச்சமின்றி அழைத்துச் செல்ல முடிந்ததற்குத் தங்களுக்கு என்றும் கடமைப்பட்டுள்ளேன்.