மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகும் நர்ஸ்களுக்கும் லேப் பிள்ளைகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

கானாவுக்கோ நைஜீரியாவுக்கோ விசா வந்துவிட்டது, பெட்டியில் என்ன எடுத்துவைப்பது அக்கா, அங்கே இட்லி அரிசி கிடைக்குமா என்று கேட்டு எழுதுகிறீர்கள். அரிசி கிடைக்கும், கவலைப்படாதீர்கள். நான் எழுத வந்தது வேறு. கானாவில் வோல்டா ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை லேபில் ஐந்து வருடம் இருந்தேன், அங்கே நான் செய்த ஒரு தப்பை நீங்களும் செய்துவிடக் கூடாது.

புகை போட்ட மீன் விற்கிற ஒரு பெண், முப்பது வயசு சொச்சம் இருக்கும். அவருடைய அக்கா குழந்தைக்கு மலேரியாவில் ரத்தம் அறவே குறைந்துபோய் உடனே ஏற்ற வேண்டிய நிலைமை. அங்கே பெரும்பாலும் நோயாளியின் சொந்தக்காரர்கள்தான் ரத்தம் கொடுக்க வேண்டும், அதனால் மீன் கூடையை யாரிடமோ விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார். ரேபிட் டெஸ்டில் எச்.ஐ.வி. இல்லை. ஈரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான பட்டையில் மட்டும் இரண்டாவது கோடு, அதாவது பாசிட்டிவ் கோடு, மெல்லிசாக விழுந்தது. கவுன்சலிங் நர்ஸ் அன்றைக்கு லீவு, நானே படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் முதல் கேள்வி, இதுவரை எத்தனை ஆண்களோடு உறவு என்பது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நகக்கண்ணெல்லாம் புகைக்கரி. "ஒருவர், என் வீட்டுக்காரர்" என்றார். நான் நம்பாத முகத்தோடு அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டேன். அதற்கப்புறம் அவர் வாய் திறக்கவே இல்லை.

மறுவாரம் உள்ளூர் மருத்துவச்சி ஒருவர் அவருடைய மொழியிலேயே பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், நடுராத்திரியில் வேறொரு ஊரில் நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். நான் நிரப்பிய படிவத்தில் அதைக் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பாடத்தில் படித்ததுதான், ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது. ஹெபடைடிஸ் சி ஆண் பெண் உறவில் பரவுவது அபூர்வம், அது ரத்தத்தோடு வருகிற வைரஸ். மேற்கு ஆப்பிரிக்காவில் அது இன்று நேற்று வந்ததும் இல்லை. அதன் இரண்டாம் மரபுவகைக்குத் தாய்வீடே அந்தப் பகுதிதான். காலனி ஆட்சிக் காலத்தில் ஊர் ஊராகப் போய், கொதிக்கவைத்தும் வைக்காமலும் ஒரே ஊசியால் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் குத்தினார்களே, அந்தச் சிகிச்சை முகாம்கள்தான் அதைப் பெரிய அளவில் பரப்பின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மருத்துவம் கொண்டுவந்து விட்ட நோய்க்கு, மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணின் நடத்தையைக் கேட்பது என்ன நியாயம்?

எச்.ஐ.வி. வேறு கதை. அங்கே அது முக்கியமாக உடலுறவில்தான் பரவுகிறது, ஆனால் அதிலும் இந்த "எத்தனை பேர்" கேள்வி பல பெண்களுக்குப் பொருந்தாது. நைஜீரியாவில் 2018-ல் வீடு வீடாக எடுத்த பெரிய கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 1.9 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 0.9 சதவீதம் பேருக்கும் தொற்று இருந்தது. இரண்டு மடங்கு. பெண்கள் இரண்டு மடங்கு "தப்பு" செய்ததால் வந்த கணக்கா அது? பக்கத்து நாடான நைஜரில் நாலு பெண்களில் மூன்று பேருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிடுகிறது, மாப்பிள்ளைக்குப் பல வருடம் கூட இருக்கும், அவரிடம் ஆணுறை போடு என்று அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? அவளுக்கு இருந்தது ஒரே ஆண், ஆபத்து வந்ததும் அவன் வழியாகத்தான்.

ஏரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1965-ல் அகோசோம்போ அணை கட்டியபின் வோல்டா ஏரி பெருகியது, நத்தைகள் பெருகின, நத்தைக்காய்ச்சல் என்று நாம் படித்த, நத்தையில் வளர்ந்து தண்ணீர் வழியாகத் தோலுக்குள் நுழைகிற புழுவால் வரும் ஷிஸ்டோசோமியாசிஸும் கரையோரம் எங்கும் பரவியது. துணி துவைக்க, தண்ணீர் எடுக்க, மீன் அலச என்று நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பது பெண்கள்தான். அந்தப் புழுவின் முட்டைகள் கர்ப்பப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் போய்த் தங்கிப் புண்ணாக்கும், ரத்தம் கசியும். அந்தப் புண் எச்.ஐ.வி. எளிதாக நுழைய வழி விடலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இந்த அறிகுறிகளோடு வருகிற பெண்ணுக்கு நம் ஆட்கள் பால்வினை நோய் என்று எழுதி, கூடவே ஒரு பார்வையும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் புழுவுக்கான பிரசிகுவாண்டல் மாத்திரை தேவைப்பட்டவள் தலைகுனிந்து வீட்டுக்குப் போகிறாள், அப்புறம் வருவதே இல்லை.

அப்புறம் பிளேடு. கினி நாட்டில் பெண்களில் சுமார் 95 சதவீதம் பேருக்குப் பிறப்புறுப்புச் சிதைப்பு, அதாவது வழக்கம் என்ற பெயரில் பிறப்புறுப்பை வெட்டுவது, நடந்திருக்கிறது. காம்பியா 2015-ல் அதைத் தடை செய்தது, அந்தத் தடையை நீக்க வந்த மசோதாவை 2024 ஜூலையில் நாடாளுமன்றம் தோற்கடித்தது, அவ்வளவு போராட்டம். ஒரே கத்தியை அடுத்தடுத்த சிறுமிகளுக்கு வைப்பதில் உள்ள ஆபத்து உங்களுக்கே தெரியும். அதைவிட எனக்கு உறைத்தது, வெட்டுப்பட்ட இடம் தழும்பாகி இறுகிப் பிரசவத்தில் கிழிகிறது, ரத்தப்போக்கு கூடுகிறது, ரத்தம் ஏற்ற வேண்டி வருகிறது என்பது. எட்டு வயதில் பட்ட பிளேடு இருபத்தைந்து வயதில் அவளை ரத்த வங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் தீர்ந்திருந்தால், அல்லது ரத்தம் கொடுத்தவருக்குத் தொற்றிச் சில வாரங்கள்தான் ஆகி டெஸ்டில் இன்னும் தெரியாத கட்டமாக இருந்தால்? 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவிப் பணத்தை நிறுத்தியபின் கிட் விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்க முடியாது.

லேப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எச்.ஐ.வி.-யில் எச்.ஐ.வி.-2 என்று இன்னொரு வகை இருப்பதை நம் ஊரில் பெரும்பாலும் பரீட்சைக்குத்தான் படிக்கிறோம், அங்கே அது நிஜம். 1980-களின் நடுவில் செனகலின் பாலியல் தொழிலாளிகள் ரத்தத்தில்தான் அதன் தடயம் முதலில் தெரிந்தது. நெவிரபின், எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் இரண்டும் அதன்மேல் வேலை செய்யாது. அதனால் எந்த வகை என்று பிரித்துக் காட்டும் கிட் இருந்தால் பிரித்து எழுதுங்கள், வெறுமனே பாசிட்டிவ் என்று எழுதி நீட்டாதீர்கள்.

நான் கேட்பது இதுதான். பெண் வந்து உட்கார்ந்ததும் முதலில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள், எந்த வருடம், எந்தப் பிரசவத்தில் என்றும் கேளுங்கள். காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொண்டாரா, சிரிஞ்ச் பாக்கெட்டை அவர் எதிரிலேயே பிரித்தார்களா என்று கேளுங்கள், ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை நம் கிராமங்களைப் போலவே அங்கும் உண்டு. ஏரித்தண்ணீரில் நிற்கிற வேலையா என்று கேளுங்கள். கணவர் டெஸ்ட் எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். உறவு பற்றிய கேள்வியைக் கடைசியில், கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு வேண்டிய மொழியில் கேளுங்கள். படிவத்தில் கட்டம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள், நான் பிறகு அப்படித்தான் செய்தேன். கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பார்க்கிறார்கள், சி பல இடங்களில் விட்டுப்போகிறது. ரத்தம் ஏற்றிக்கொண்ட பெண் என்றால் அதையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் நீங்கள்தான் வற்புறுத்த வேண்டும்.

வற்புறுத்துவதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் ஹெபடைடிஸ் சி குணமாகிற நோய். 2013-ல் அதற்கான சோபோஸ்புவிர் மாத்திரை வந்தபோது அமெரிக்காவில் ஒருவருக்கு 84,000 டாலர், இப்போது இந்தியக் கம்பெனிகளின் ஜெனரிக் மருந்தில் 60 டாலருக்கே முழு கோர்ஸும் கிடைக்க வழியிருக்கிறது. 2023-ல் எகிப்து நன்கொடையாகக் கொடுத்த மருந்தை வைத்துக் கானா அரசே ஒரு சிகிச்சைத் திட்டம் தொடங்கியது.

அந்த மீன்காரப் பெண்ணுக்கும் அதில்தான் மருந்து கிடைத்தது. பன்னிரண்டு வாரம் மாத்திரை, அதற்கப்புறம் மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் வைரஸ் இல்லை. ரிசல்ட்டை நான்தான் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இதை என் வீட்டுக்காரரிடம் நீங்களே வந்து சொல்ல முடியுமா மேடம்?" என்றார். அத்தனை மாதமும் அந்த வீட்டில் அவர் என்னவெல்லாம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாள் டியூட்டி முடிந்ததும் போனேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா