கம்ப்ரஸரைச் சத்தத்தால் எடைபோட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ் கிட்டாருக்கு ஏற்ற கம்ப்ரஸர் பெடலைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தங்கள் இசைப் பகுதியில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். பெடலை மிதித்தவுடன் ஒலி நிறைவாகவும் எடுப்பாகவும் கேட்டால் அதுவே நல்ல பெடல் என்று அதில் கூறப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக பேஸ் வாசித்து வருபவன் என்ற முறையில் இந்த ஒரு வரியை மறுக்க விரும்புகிறேன்.

கம்ப்ரஸரின் அடிப்படை வேலை ஒலியைக் குறைப்பதுதான். நாம் வைக்கும் வரம்பை, அதாவது திரெஷோல்டை, ஒலி தாண்டும்போது அது தாண்டிய பகுதியை மட்டும் அமுக்குகிறது. ரேஷியோ 4:1 என்று இருந்தால், வரம்புக்கு மேல் 8 டெசிபல் எழுந்த ஒலி 2 டெசிபலாகச் சுருங்கி வெளியேறும். அப்படி இழந்ததை ஈடுகட்டத்தான் அவுட்புட் குமிழ் இருக்கிறது. சோதித்துப் பார்க்கும்போது அந்தக் குமிழ் சற்றுக் கூடுதலாகத் திருகப்பட்டிருந்தால், நமக்குப் பிடித்துப்போவது கூடிய சத்தமே தவிர கம்ப்ரஷன் அல்ல. ஓரிரு டெசிபல் ஏறினாலே காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்கிறது. என் முதல் பெடலை நான் இப்படி ஏமாந்துதான் வாங்கினேன். பிறகு ஒரு நிகழ்ச்சியின் ஒலிப்பதிவைக் கேட்டபோது, டிரம்ஸுக்கு அடியில் என் பேஸ் முனை மழுங்கிய முனகலாக மட்டுமே இருந்தது. எனவே, பெடலை இயக்கினாலும் அணைத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி அவுட்புட்டைச் சரிசெய்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அந்த மழுங்கலுக்குக் காரணம், ஒலி வரம்பைத் தாண்டியதும் எவ்வளவு விரைவில் அமுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அட்டாக் குமிழ். விரல் தந்தியைத் தட்டும் முதல் சில மில்லிசெகண்டுகளில்தான் ஸ்வரத்தின் முனை இருக்கிறது. அட்டாக் மிக வேகமாக இருந்தால் அந்த முனையே நசுங்கிவிடும். சற்றுத் தாமதித்தால் தட்டல் தப்பித்து வெளியே வர, பின்னால் தொடரும் நாதம் மட்டும் சமப்படும். ஸ்லாப் வாசிப்பில் கட்டைவிரல் அடி மற்றவற்றைவிட எகிறுவதால், அங்கே வேகமான அட்டாக்குக்கு இடம் உண்டு.

ஒலி வரம்புக்குக் கீழே இறங்கியதும் எவ்வளவு விரைவில் அமுக்கத்தை விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ரிலீஸ் குமிழ். அதில் இருக்கும் சிக்கல் பேஸ் கிட்டாரில் கூடுதலாக வெளிப்படும். நான்கு தந்தி பேஸின் திறந்த இ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் ஓர் அலை முடிய ஏறத்தாழ 24 மில்லிசெகண்ட் ஆகும். ஐந்து தந்தி பேஸின் பி தந்திக்கு இது 32 மில்லிசெகண்ட். ரிலீஸ் இதைவிட வேகமாக இருந்தால், கம்ப்ரஸர் ஸ்வரத்தின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு ஒவ்வோர் அலையின் பின்னாலும் ஓடி ஒலியைக் கரகரக்கச் செய்யும். ஆறு தந்தி கிட்டாரில் நன்றாக இருந்த அமைப்பை அப்படியே பேஸுக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஆகவே வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, எத்தனை டெசிபல் குறைகிறது என்று காட்டும் விளக்கு வரிசை இருக்கிறதா என்பதைத்தான். எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் எம்87 பேஸ் கம்ப்ரஸரில் அது உண்டு. அதே நிறுவனத்தின் பழைய டைனா காம்ப்பில் இரண்டு குமிழ்கள் மட்டுமே இருப்பதால் முழுக்கக் காதையே நம்ப வேண்டும். பழகிய காதுக்கு அது போதும். புதிதாக வாங்குபவருக்குப் போதாது. விரலால் வாசிக்கும்போது அழுத்தமான ஸ்வரங்களில் 3 முதல் 6 டெசிபல் வரை குறைந்து, மென்மையான ஸ்வரங்களில் விளக்கு அணைந்திருந்தால் அமைப்பு சரி என்று கொள்ளலாம். விளக்கு அணையாமலே எரிந்தால் திரெஷோல்டை உயர்த்த வேண்டும். அமுக்கப்படாத ஒலியையும் கலந்து தரும் பிளெண்ட் குமிழ் இருந்தால் இன்னும் நல்லது.

இரைச்சல் பற்றியும் ஒரு சொல். அவுட்புட்டில் 6 டெசிபல் ஏற்றினால், அதற்கு முன்னுள்ள இரைச்சலும் அதே 6 டெசிபல் ஏறும். ஒலியை ஏற்றிக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்குப் பின்னால் கம்ப்ரஸரை வைப்பவர்கள் இடைவெளிகளில் கேட்கும் சீறலுக்குப் பெடலைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்னால் வைத்துப் பார்க்கலாம். விரல் சமமாக விழாத குறையைப் பெடல் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. சாதகம் செய்யும் வேளையில் நான் அதை அணைத்தே வைக்கிறேன்.

சத்தத்தைச் சமப்படுத்திய பின்பே பெடல்களை ஒப்பிட வேண்டும் என்ற ஒரு வரியையாவது அடுத்த இசைப் பகுதியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேஸ் வாசிக்கும் ஒரு வாசகர்