அருளுக்கு, பியூகிள் விஷயமாக

ஏலே அருள்,

உன் வாட்ஸப் வந்து கிடக்கிறது, நான் பதில் போடவில்லை. திட்டிக்கொண்டிருப்பாய் என்று தெரியும். இரண்டு வரியில் முடிகிற விஷயமில்லை அது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே இங்கிலாந்தில் எல்லோரும் சௌக்கியம். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள், மகளுக்கு மறுபடி வேலைக்குப் போகிற கவலை, மாப்பிள்ளை தங்கமான பையன், ஆனால் சாம்பாரில் சர்க்கரை போடுகிறான். குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கொடியேற்றத்துக்கு இனிமேல் பையன்கள் அந்தச் சின்னப் பித்தளைக் கொம்பை, பியூகிளை, ஊத வேண்டாம், பதிவு பண்ணியதை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளலாம், பிசிறடிக்காமல் இருக்கும் என்று உங்கள் பள்ளித் தாளாளர் சொன்னாராமே. "அவர் சொல்வதும் சரிதானோ" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய் பார், அதில்தான் எனக்கு எரிச்சல். ரிட்டயர் ஆனபிறகும் சம்பளமில்லாமல் போய்ப் பையன்களுக்கு உதடு பழக்குகிறவன் நீ. குட்டை சார் இருந்திருந்தால் அந்த வரிக்கே உன்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பார்.

போன சனிக்கிழமை வின்செஸ்டர் போயிருந்தோம். சாயங்காலம் அங்கே பிரிட்டிஷ் ராணுவத்தின் ரைபிள்ஸ் ரெஜிமெண்டின் பேண்டும் பியூகிளும். மகள் டிக்கெட் எடுத்துவிட்டு, "அப்பா, உங்க ஸ்கூல் பேண்டு மாதிரி இருக்கும், வாங்க" என்றாள். நம்ம பேண்டு மாதிரியாம்! நம்ம பேண்டில் பரமசிவம் பேஸ் டிரம்மோடு சாக்கடைக்குள் இறங்கியதை அவளுக்குச் சொன்னதில்லை.

முதலில் வேகத்தைச் சொல்கிறேன். நமக்கு "தேஸ் சல்" என்றால் நிமிடத்துக்கு 120 அடி, இல்லையா? இங்கேயும் மற்ற காலாட்படைக்கு 116-லிருந்து 120 வரைதான். இவர்கள் 140. கிளம்பிவிட்ட பஸ்ஸை எட்டிப் பிடிக்கப் போகிறவன் நடை அது, ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. அதே வேகத்தில் பியூகிளை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டே வரிசையாக வருகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு அதிரும், அந்த அதிர்வு பல்லில் போய் இடிக்கும், சுரம் உடையும். உனக்கும் எனக்கும் தெரியும் அது என்ன பாடு என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், நான் ஊதுகிறவர்கள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாடை அசையவில்லையடா. இடுப்புக்குக் கீழே 140, கழுத்துக்கு மேலே கல்.

உடுப்பு கரும்பச்சை, பித்தான்கள் கறுப்பு. மற்ற ரெஜிமெண்ட்காரர்கள் சிவப்புச் சட்டை போட்டு வரிசையாக நின்று சுட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் சிதறிப் பரவி, மரத்துக்கும் வேலிக்கும் பின்னால் மறைந்து சுட்டவர்கள். கென்ட்டில் ஷார்ன்கிளிஃப் என்ற இடத்தில் 1803-லிருந்து சர் ஜான் மூர் என்பவர் இந்த மாதிரிப் படைகளைப் பழக்கினார். ஆட்கள் இப்படிச் சிதறி நின்றால் டிரம் எங்கே கேட்கும்? பியூகிள்தான் கேட்கும். முன்னேறு, நில், சுடு, திரும்பு எல்லாம் ஊதல்தான். அதனால்தான் இன்றைக்கும் இவர்கள் தொப்பி முத்திரையில் பியூகிள். மற்ற படைகளைப் போலக் கொடி தூக்கும் வழக்கமும் கிடையாது. நிகழ்ச்சியை நடத்திக்கொண்டு போகிறவரும் டிரம் மேஜர் இல்லை, பியூகிள் மேஜர். நம்ம ஜெயராஜ் அண்ணன் கேட்டால் சந்தோஷப்படுவார். டிரம்காரன்தான் பெரியவன் என்று அவரை எத்தனை வருஷம் ஓட்டினோம்.

எவ்வளவு சொற்ப சுரத்தை வைத்துக்கொண்டு இதெல்லாம் செய்கிறார்கள் என்பதைத்தான் அங்கே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் கற்றுக்கொண்டதேதான். ஸ, ப, மேல் ஸ, அதற்கு மேலே க, ப. ஐந்தே ஒலி. ரி கிடையாது, ம கிடையாது, விரலுக்கு வேலையே கிடையாது, உதடும் மூச்சும் மட்டும். பின்னால் முழு பேண்டும் கிளாரினெட், டிராம்போன் எல்லாம் வைத்துக்கொண்டு என்னென்னவோ வாசிக்கிறது, முன்னால் இவர்கள் அந்த ஐந்தைக்கொண்டே அதோடு மோதி நிற்கிறார்கள்.

எனக்கு நேர் எதிரே ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஒரு உருப்படி முடிந்ததும் கண்ணை எங்கேயும் திருப்பாமல் பியூகிளைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு உதறு, எச்சில் தண்ணீர் புல்லில் விழுந்தது. அப்புறம் கீழுதட்டை உள்ளே இழுத்து நாக்கால் ஈரமாக்கிக்கொண்டாள். மேலுதட்டில் மவுத்பீஸ் அழுத்திய வளையம் சிவப்பாகத் தெரிந்தது. அடுத்த உருப்படியில் மேல் ப-வில் அவளுக்கு ஒரு நூல் பிசிறியது. நிச்சயமாக அவளுக்குத்தான். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் லேசாகத் திரும்பி என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன், அவரும் எங்கேயோ ஊதியவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சிரிப்பு. அடுத்த அடியிலேயே அவள் சரியாகப் பிடித்துவிட்டாள். அந்த ஒரு நொடிக்காகவே நான் இன்னொரு தடவை டிக்கெட் எடுப்பேன். உங்கள் தாளாளரின் ஸ்பீக்கரில் அது வருமா?

கடைசியில் ரிட்ரீட். கோட்டைக் கதவைச் சாத்தப்போகிறோம், வெளியே இருப்பவர்கள் உள்ளே வாருங்கள் என்று அந்தக் காலத்தில் பொழுது சாயும்போது கொடுத்த அறிவிப்பு. ஆனால் இங்கே ஜூனில் ஒன்பது மணிக்கு மேலேதான் சூரியன் இறங்குகிறது. இவர்கள் அஸ்தமன இசை வாசிக்கிறார்கள், சூரியன் பாட்டுக்கு மேலே நின்று வேடிக்கை பார்க்கிறது. மகள் கிளுகிளுவென்று சிரித்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உனக்குப் பிடிக்காது. அன்று பகலில் அங்கே பழைய பாராக்ஸில் இருக்கும் ரெஜிமெண்ட் மியூசியத்தையும் பார்த்தோம். இந்த ரைபிள்ஸ் 2007-இல் நாலு ரெஜிமெண்டை ஒன்றாக்கிச் செய்தது. அதில் ஒன்று ராயல் கிரீன் ஜாக்கெட்ஸ். அதன் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் 52-ஆம் லைட் இன்ஃபண்ட்ரி வருகிறது. சிப்பாய்க் கலகத்தின்போது 1857 செப்டம்பர் 14 காலையில் டெல்லி காஷ்மீர் கேட்டை வெள்ளைக்காரர்கள் வெடி வைத்துப் பிளந்தார்களே, அந்தக் கூட்டத்தோடு 52-இன் பியூகிளர் ராபர்ட் ஹாதோர்ன் என்பவனும் போனான். கதவு உடைந்ததும் முன்னேறு என்று ஊத வேண்டியது அவன் வேலை. சத்தத்தில் கேட்காமல் போய்விடக்கூடாது என்று மூன்று முறை ஊதினான். அடிபட்டுக் கிடந்த அதிகாரிக்குக் குண்டு மழையில் கட்டுப் போட்டான். விக்டோரியா கிராஸ் என்ற பெரிய வீர விருதைக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் டெல்லி அவர்கள் கையில்.

இதெல்லாம் மண்டையில் ஓடிக்கொண்டிருக்க, சாயங்காலம் அதே வம்சத்தின் ஊதலுக்கு நான் மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருக்கிறேன். கூச்சமாகத்தான் இருந்தது. உன் சம்பந்தி கேட்டால் அடிமைப் புத்தி என்பார். இருக்கலாம். ஆனால் அதே கிரீன் ஜாக்கெட்ஸ் பேண்டு 1982 ஜூலை 20 அன்று மத்தியானம் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் பொதுமக்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடைக்கு அடியில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த குண்டு வெடித்து ஏழு வாத்தியக்காரர்கள் செத்துப்போனார்கள். டெல்லிக் கதவையும் இந்த ஏழு பேரையும் எந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? எனக்குத் தெரியவில்லை, அருள். ஊதுகிற பெண்ணின் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

திரும்ப ஸ்பீக்கருக்கு வருகிறேன். பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரில் மெனின் கேட் இருக்கிறது. முதல் உலகப்போரில் உடல் கிடைக்காமல் போன ஐம்பத்து நாலாயிரம் பேருக்கு மேல் சுவரில் பெயர் வெட்டியிருக்கிறார்கள், நம் நாட்டுச் சிப்பாய்கள் பெயரும் உண்டு. அதன் கீழே 1928-லிருந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்கு லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி ஊதலை ஊதுகிறார்கள். ஊதுவது பட்டாளம் இல்லை, உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்து ஆட்கள்தான். இரண்டாம் போரில் ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்திருந்த நாலு வருஷம் அங்கே ஊத முடியவில்லை. 1944 செப்டம்பரில் போலந்துப் படை ஊரை மீட்ட அன்று சாயங்காலமே, ஊரின் இன்னொரு பக்கம் சண்டை ஓய்வதற்குள்ளேயே, வந்து நின்று ஊதிவிட்டார்கள். ஒரு ஸ்பீக்கரும் டைமரும் மாட்டினால் போதாதா? இன்றுவரை மாட்டவில்லை.

மாட்டியவர்களும் உண்டு. அமெரிக்காவில் ராணுவச் சாவு நிறைய, ஊத ஆள் இல்லை என்று பியூகிளின் வாய்க்குள்ளேயே ஒரு கருவியைச் செருகிவிட்டார்கள். பித்தானை அழுத்திவிட்டு ஊதுகிற மாதிரி உதட்டில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதை மட்டும் தாளாளர் காதில் போட்டுவிடாதே, நாளைக்கே ஆர்டர் கொடுத்துவிடுவார்.

உன் பையன்கள் பிசிறடிக்கத்தான் செய்வார்கள். ஆகஸ்ட் 15-க்கு இன்னும் நாள் இருக்கிறது. காலையில் அரைமணி நேரம் நீளச் சுரம் மட்டும் பிடிக்கச் சொல், நடையோடு சேர்க்காதே, கீழ் ப உறுதியான பிறகு மேலே போகட்டும். தாளாளரிடம் நேரே போய்ப் பேசு, கையைப் பிசைந்துகொண்டு நிற்காதே. தேவைப்பட்டால் பரமசிவத்தையும் கூட்டிக்கொண்டு போ, அவன் குரலுக்கே சரி என்றுவிடுவார்.

உனக்கு இங்கிருந்து ஒரு மவுத்பீஸ் வாங்கி வருகிறேன். இப்போது வைத்திருக்கிறாயே, அதன் அடிக்குழாய் என்ன தடிமன் என்று அளந்து போட்டோ எடுத்து அனுப்பு, குத்துமதிப்பாகச் சொல்லாதே. மரியத்துக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். ஜெயராஜ் அண்ணனிடம் பியூகிள் மேஜர் கதையை நானே வந்து சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

உன்
கணேசன்